பெரிய வெள்ளியில் மென்ற தோல்

எனக்குத் தெரியாத ஒரு கைவேலையை இன்னொருத்தி என் கண் முன்னால் செய்துகொண்டிருந்தால் எனக்குப் பொறுக்காது. இது நல்ல குணமா கெட்ட குணமா என்று என் மனுசனைக் கேட்டால், சோற்றைக் குழைத்தபடி சிரிப்பாரே தவிரப் பதில் சொல்லமாட்டார். டென்மார்க்கின் பிராண்டேயில் இருக்கும் தமிழ்ப் பெண்களில் நான் தைத்த சாறிச் சட்டை போடாதவர்கள் குறைவு. தேவாலயத்தில் முதல் நன்மை எடுக்கிற பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, கலியாணப் பெண்ணின் சட்டைக் கைக்கு மணி வேலை, சாறிக் கரைக்கு உள்ளே துணி வைத்துத் தைப்பது எல்லாம் என்னிடம்தான் வரும். ஆகவே, எங்கள் தொழிற்சாலையின் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்தவள் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, கடுகளவு கண்ணாடி மணிகளை ஊசியில் ஏற்றத் தொடங்கியபோது நான் கடித்த பாண் துண்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் கிரீன்லாந்துக்காரி. நானும் அவளும் காற்றாலை இறக்கைகளுக்குக் கண்ணாடி நார்த் துணி விரிக்கிற வேலையில் நாலு வருடமாக ஒரே வரிசையில் நின்றவர்கள். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதுவரைக்கும் நாங்கள் கதைத்ததெல்லாம் முதுகு நோவைப் பற்றியும் மேற்பார்வையாளனின் மூக்கைப் பற்றியும்தான். கதைப்பது டேனிஷில். அவளுடையது இங்கே வளர்ந்தவளின் டேனிஷ், என்னுடையது முப்பது வயதில் வகுப்புக்குப் போய்ப் படித்த டேனிஷ். இங்கே எல்லாவற்றையும் என் தமிழிலேயே எழுதுகிறேன். அவள் குறை நினைக்கமாட்டாள்.

"என்ன இது?" என்றேன்.

"மகளுக்குக் கழுத்து மணி. கொன்ஃபிர்மேஷனுக்கு."

இந்த நாட்டில் பதினாலு வயதுப் பிள்ளைகள் தேவாலயத்தில் தங்கள் விசுவாசத்தை உறுதி சொல்லும் நாள் அது. நாங்கள் உறுதிபூசுதல் என்போம். இவர்களுக்கு அது பாதிக் கலியாணம். மண்டபம், சாப்பாடு, பரிசு, தலை அலங்காரம் எல்லாம் உண்டு. கிரீன்லாந்துப் பெண் பிள்ளைகள் அன்றைக்குத் தங்கள் நாட்டு உடுப்பை உடுப்பார்களாம். தோள் இரண்டையும் மூடி நெஞ்சுவரைக்கும் விழுகிற மணி வலை ஒன்று. காலுக்கு, தொடைவரை ஏறுகிற வெள்ளைத் தோல் சப்பாத்து. அதற்குக் கமிக் என்று பெயர். சீல் என்கிற கடல்நாயின் தோலில் கையால் தைப்பது.

"பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?"

"பன்ரண்டு."

"அப்ப இன்னும் ரண்டு வருசம் கிடக்கே!"

"காணாது," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கலியாணச் சட்டை ஒன்றுக்கு முழுக்கை மணி வேலையை இரண்டு கிழமையில் முடித்தவள் நான். "காட்டு, நானும் செய்யிறன்," என்றேன். "பொறுமை இருக்கோ?" என்று கேட்டாள். "அது மட்டும்தான் இல்லை. மிச்சமெல்லாம் இருக்கு," என்றேன். அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்ததை முதல் தடவையாகக் கண்டேன்.

ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும், கடையில் விற்காதா என்று கொஞ்ச நாள் கழித்துக் கேட்டேன். அப்போது சொன்னாள். அவள் பிறந்தது கிரீன்லாந்தின் வடக்கே, சில வீடுகள் மட்டும் உள்ள ஓர் ஊரில். தாய்க்கு நெஞ்சு நோய். ஐந்து வயதில் இவளை விமானத்தில் ஏற்றி டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். விபோர்க்குக்குப் பக்கத்தில் ஒரு டேனிஷ் குடும்பம் வளர்த்தது. நல்ல மனிதர்கள். அடுத்த வருடமே தாய் செத்துப்போனாள். தாயின் மொழி அதற்கு முன்பே இவள் வாயிலிருந்து போய்விட்டது. மிஞ்சியது ஒரு படம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பெண் வாசலில் நிற்கிற படம்.

"அந்தப் படத்துக்கு வெளியில எனக்கு அம்மா எண்டு ஒண்டும் இல்லை," என்றாள். "கண்ணை மூடி எவ்வளவோ தேடிப் பாத்திட்டன். குரல் இல்லை, கை இல்லை. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எப்பிடி ஒண்டும் ஞாபகம் இல்லாமல் போகும், சொல்லு?"

அவளுடைய கொன்ஃபிர்மேஷனுக்கு வளர்த்தவர்கள் வெள்ளைச் சட்டையும் கடைச் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாரும் வடிவு என்றார்களாம். நாற்பது வயது தாண்டின பிறகு ஓகூஸ் நகரில் கிரீன்லாந்துப் பெண்கள் கூடுகிற ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, புதன்கிழமை தோறும் வேலை முடியக் கார் ஓட்டிப்போய், மணி கோர்க்கவும் தோல் தைக்கவும் பழகியிருக்கிறாள். மகள் அந்த உடுப்பில், தாய் கையால் செய்த உடுப்பில், தேவாலயத்துக்குள் நடக்க வேண்டும். அறுந்து போனதை மகளிலிருந்தாவது முடிச்சுப் போட்டுவிட வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் முகத்தைக் குனிந்து பாணைப் பெரிதாகக் கடித்துக்கொண்டேன்.

பழகத் தொடங்கினேன். முதல் மாதமே என் கொட்டம் அடங்கிவிட்டது. என் கை இறுக்குகிற கை. சட்டைத் துணியில் மணி தைக்கிறவள் நூலை இழுத்து இறுக்காவிட்டால் மணி தொங்கும். இந்த வேலையில் துணியே இல்லை. மணியோடு மணியைக் கோர்த்து வலையாகப் பின்ன வேண்டும். மேசையில் கிடக்கும்போது அது தளர்ந்து, உயிரில்லாதது போல இருக்க வேண்டும். தோளில் விழும்போதுதான் மணியின் பாரத்தால் தானாக இறுகும். நான் செய்தது மேசையிலேயே தட்டி மாதிரி விறைத்து நின்றது. போதாததற்கு ஒரு வரியில் ஒரு மணி குறைந்து போக, நூலை இழுத்து அந்தப் பிழையை மறைத்துவிட்டேன். சட்டையில் அப்படி எத்தனை மறைத்திருக்கிறேன்!

அவள் அதைக் கையில் வாங்கி, ஒரு தரம் குலுக்கிப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னம் எட்டு வரியையும் அறுத்துவிட்டாள். சாப்பாட்டு மேசை முழுக்க மணி. மூன்று கிழமை வேலை.

நான் அவளோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நானே டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் எதிரில் இருந்தேன். அவள் ஒன்றும் நடவாதது போல, "முதல் வரி," என்றாள். கோபக்காரிக்கு நல்ல வாத்தி கிடைத்தால் இரண்டு பேரில் ஒருவர் உருப்படுவார் என்று மனுசன் சொன்னார். யார் என்று அவர் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் போயிற்று. என் கை தளரப் பழகிவிட்டது. அவள் மகளின் கழுத்து மணியை முக்கால்வாசி முடித்திருந்தாள். கமிக்கின் காலை மூடுகிற வெள்ளைத் தண்டுகளும் தைத்தாகிவிட்டன. கொன்ஃபிர்மேஷன் வருகிற வசந்தத்தில். அந்த வருடம் தை மாதத்தில் வேலைக்கு வரும் வழியில் தெருவில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்திருந்த கறுப்புப் பனியில் சைக்கிள் சறுக்கி, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். தகடு வைத்துக் கட்டினார்கள். கட்டுப் பிரித்த பிறகும் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஓர் ஊசியைப் பிடிக்கவில்லை.

ஓகூஸ் பெண்கள் இரவல் தருகிறோம் என்றார்கள். கழுத்து மணிக்கு இரவல் கிடைக்கும். ஆனால் கமிக்குக்கு? அந்தப் பிள்ளையின் கால் அளவு நாற்பத்தொன்று. கிரீன்லாந்துப் பெண்களுக்குக் கால் சின்னது. டேனிஷ் பாலும் சீஸும் தின்று வளர்ந்த இந்தக் காலுக்கு ஓகூஸில் ஒருத்தரிடமும் கமிக் இல்லை. வெள்ளைச் சட்டைக்கும் கடைச் சப்பாத்துக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று அவள் ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு முறிந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான் தைக்கிறன்," என்றேன்.

"உன்ர கை இறுக்கும்."

"நீ சொல்லு, நான் தளர்த்துறன். என்ர கையை உன்ர கை எண்டு நினை."

"அப்ப நான் ஏசினால் ரண்டு நாள் கதைக்காமல் இருக்க ஏலாது. நேரம் இல்லை," என்றாள். ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் அவள் வீட்டுக் குசினி மேசையில் வேலை நடந்தது. அவள் இடது கையில் ஒரு பின்னல் ஊசியை வைத்துக்கொண்டு இடத்தைத் தொட்டுக் காட்டுவாள், நான் கோர்ப்பேன். வாயால் மட்டும் ஒரு வேலையைச் சொல்லிக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. வாயால் சொல்வதை மட்டும் கேட்டுச் செய்வது அதைவிடக் கஷ்டம். இருபத்தைந்து வருடக் கலியாண வாழ்க்கையில் நான் பழகாத அந்தப் பணிவை அவள் இரண்டு மாதத்தில் பழக்கிவிட்டாள். ஈஸ்டருக்கு முந்தின கிழமை கழுத்து மணி முடிந்தது. மகளின் தோளில் போட்டதும் அது தண்ணீர் மாதிரி வழிந்து, தோள் வளைவில் போய்த் தானாகப் படிந்தது. எது அவள் கோர்த்த பக்கம், எது நான் கோர்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் வெட்கமில்லாமல் என்னையே மெச்சிக்கொண்டேன்.

மிஞ்சியது கமிக்கின் அடி. அது தண்டைப் போல மெல்லிய தோல் இல்லை. கறுத்த, தடித்த தோல். பாதத்தைச் சுற்றி மேலே மடித்து, விரல் பக்கமும் குதிப் பக்கமும் சின்னச் சின்னச் சுருக்கு வைத்துத் தைக்க வேண்டும். ஊசி தோலை ஊடுருவி மறுபக்கம் வரக்கூடாது. பாதித் தடிப்புக்குள் நுழைந்து அங்கேயே வெளியேற வேண்டும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் போகும். இதை அவள் ஒரு துண்டில் காட்டியபோது எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சாறிக் கரை தைக்கிறவள் வெளியில் நூல் தெரியாமல் ஓர் இழையை மட்டும் கிள்ளித்தானே தைப்பாள். "ஆ!" என்றாள் அவள். அவளிடமிருந்து அது பெரிய புகழ்ச்சி.

அந்தத் தோல் கிரீன்லாந்திலிருந்து எடுப்பித்தது. நாற்பத்தொன்றாம் அளவுக்கு இரண்டு அடி வெட்ட மட்டுந்தான் காணும். இன்னொன்று எடுப்பிக்க நாள் இல்லை. பெரிய வியாழன் இங்கே விடுமுறை. அன்றைக்கு அரைவட்டக் கத்தியால் அவள் இடது கையில் வெட்ட, நான் தோலை இழுத்துப் பிடித்தேன். வெட்டிய அடிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத் துவாயில் சுற்றி, பையில் போட்டுத் தந்தாள்.

"குளிர்பெட்டிக்குள்ள வை. காயவிடாத. நாளைக்குப் பதினொரு மணிக்கு உன்ர வீட்ட வாறன், தொடங்குவம்."

"ஓம் ஓம்," என்றேன்.

வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்தேன். மறுநாள் பெரிய வெள்ளிக் கஞ்சிக்குத் தேங்காய்ப் பாலும் ஊறவைத்த பயறும் அங்கே இருந்தன. அதற்குப் பக்கத்தில் சப்பாத்தின் அடியை வைப்பதா? என் வீட்டில் சப்பாத்து வாசலைத் தாண்டினதில்லை. வந்த விருந்தாளி மறந்துபோய்க் காலில் சப்பாத்தோடு கம்பளத்தை மிதித்தால், அவர் போனதும் நான் முழு வீட்டையும் துடைக்கிறவள். கை தானாகக் குளிர்பெட்டியை மூடிவிட்டது. பையைக் கொண்டுபோய்ப் பின்வாசல் அறையில் சப்பாத்துத் தட்டின் கீழ் வைத்தேன். பையிலிருந்து தண்ணீர் ஒழுகி மனுசனின் சப்பாத்தை நனைத்தது. துவாயை எடுத்துப் பிழிந்து காயப்போட்டேன். அடிகள் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிலத்தில் வைத்தேன். ஓர் இரவுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

அந்த அறையின் நிலத்துக்கு அடியில் சூட்டுக் குழாய் ஓடுகிறது. பனிக்காலத்தில் நனைந்த சப்பாத்து காய்வதற்கென்றே போட்டது.

காலையில் மனுசன்தான் கண்டார். ஓர் அடியைத் தூக்கி, நகத்தால் தட்டினார். டக் டக் என்று சத்தம் வந்தது.

"இஞ்சாரும், இதென்ன, சிரட்டையே?"

சிரட்டைதான். விளிம்பெல்லாம் மேலே வளைந்து, இறுகி, மடித்தால் முறியும் போல நின்றது. நான் முதலில் அவர் மேலேதான் பாய்ந்தேன். ஆர் உங்களை இந்த மாசத்திலயும் சூடு போடச் சொன்னது, கறண்ட் காசு ஆர் கட்டிறது என்று தொடங்கி எங்கெங்கோ போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சூட்டைப் போட்டது நான்தான், ஓம். அந்த மனுசி உம்மை எங்க வைக்கச் சொன்னவ?" என்றார்.

தோலை இளக்கவென்று கொதிநீர்க் கேத்திலைத் தூக்கினேன். கொதிநீர் பட்டால் தோல் வெந்து உதவாமல் போகும் என்று அவள் சொன்னது நல்ல வேளையாக ஞாபகம் வந்தது. பச்சைத் தண்ணீரில் அடிகளை அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, பதினொரு மணிவரைக்கும் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்ததும் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஏசியிருந்தாள் என்றால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், எனக்கு அது வரும். அவள் ஏசவில்லை. தண்ணீரிலிருந்து ஓர் அடியை எடுத்து இடது பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள். நடுப்பகுதி கொஞ்சம் இளகியிருந்தது. விளிம்பு அப்படியே. சுருக்கு வைக்க வேண்டியது விளிம்பில்தான்.

"ஏன் குளிர்பெட்டிக்குள்ள வைக்கேல்ல?"

"சப்பாத்தைச் சாப்பாட்டோட வைக்கிறேல்ல. எங்கட வழக்கம் அப்பிடி."

"இது சப்பாத்து இல்லை," என்றாள், மெதுவாக. "நிலத்தில மிதிச்சாத்தான் சப்பாத்து. இது இன்னும் நிலத்தைக் கண்டதில்லை."

அதற்குப் பிறகு கதிரையை இழுத்து மேசையடியில் இருந்தாள். ஓகூஸ் வகுப்பில் விளிம்பைக் குறட்டால் நசுக்கித்தான் இளக்குவார்களாம். ஆனால் இவ்வளவு காய்ந்ததைக் குறட்டால் நசுக்கினால் வெடித்துவிடும். முந்திக் காலத்துப் பெண்கள் தோலை வாயில் வைத்து மென்று இளக்கினார்கள் என்று அங்கே பகிடியாகச் சொல்லுவார்களாம். ஒருத்தியும் செய்து பார்த்ததில்லை. சொல்லிக்கொண்டே அடியின் விளிம்பைக் கடைவாய்க்குள் வைத்தாள். மற்ற அடியை மேசைக்குக் குறுக்கே என் பக்கம் தள்ளினாள்.

நான் அதைப் பார்த்தேன். எங்கள் ஊரில் ஒருவனைச் செருப்பால் அடிப்பேன் என்று சொன்னால் மூன்று தலைமுறைக்குக் கதை பேச்சு இருக்காது. இங்கே நான் சப்பாத்தின் அடியை வாயில் வைக்க வேண்டும். அதுவும் பெரிய வெள்ளியன்று. ஒருசந்தி இருந்து, வெறும் தேத்தண்ணி மட்டும் குடித்து, இறைச்சியை நினைக்காமல் இருக்க வேண்டிய நாளில். சிலுவைப்பாதைக்குப் போக வெளிக்கிட்டு நின்ற மனுசன் கதவடியில் நின்று கேட்டார்: "இஞ்சாரும், சீல் எண்டுறது மீனோ, இறைச்சியோ?"

நான் பார்த்த பார்வையில் அவர் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் கோணி, கண்ணில் நீர் முட்ட, என் பிழையை அவள் மென்றுகொண்டிருந்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நானும் வைத்தேன். மீன் எண்ணெயும் நனைந்த கயிறும் சேர்ந்த ஒரு ருசி. குமட்டியது. "கடிக்காத, அமத்து," என்றாள் வாயில் தோலோடு. "எச்சில் ஊறவிடு. அதுதான் வேலை செய்யும்." கடைவாயால் ஒரு விரல் அகலத்தை அமத்தி, ஊறவிட்டு, அடுத்த விரல் அகலத்துக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் பல்லுக்குக் கீழே தோல் விட்டுக்கொடுத்தது. முதலில் ஒரு நூலளவு, பிறகு நல்லாகவே. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "பார், வருது!" என்று காட்ட நிமிர்ந்தேன்.

அவள் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். அடி வாயிலேயே இருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. பிறகு அடியை மேசையில் வைத்தாள். எழுந்து, மேலங்கியும் போடாமல் பின்வாசலால் வெளியே போனாள். யன்னலால் பார்த்தேன். உடுப்புக் காயப்போடுகிற கம்பிக்குக் கீழே, குளிர் காற்றில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

கால் மணித்தியாலம் நின்றிருப்பாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பெருமை பேசிப் பேசி ஒரு வேலையை வாங்கி, ஒரு தாயின் இரண்டு வருடத்தை ஒரே இரவில் கெடுத்துவிட்டேன். தமிழ் ஆட்களுக்கு வெளியே இந்த நாட்டில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதியும் போய்விட்டாள். அவள் திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. கதிரையில் அமர்ந்து அடியை எடுத்து மெல்லத் தொடங்கினாள். ஊரில் உள்ள எல்லாரையும் எல்லாம் கேட்கிற நான், என்ன நடந்தது என்று அவளைக் கேட்கவில்லை. பயந்துபோனேன், அதுதான் உண்மை.

சனி முழுக்கவும், ஞாயிறு பூசை முடிந்து வந்தும், திங்கள் விடுமுறையிலும் தைத்தேன். விரல் பக்கம் ஒவ்வொரு சுருக்கையும் பல்லால் அமத்தி நிறுத்தி, பாதித் தடிப்பில் ஊசியை ஓட்டி, பல் இடுக்குத் துப்புரவாக்கும் மெழுகு நூலால் இறுக்கினேன். அவள் பக்கத்தில் இருந்து, "இன்னும் கிட்ட," "அது ஆழம்," "ஓம்," என்பதைத் தவிர ஒன்றும் கதைக்கவில்லை. இடைக்கிடை மிஞ்சிய தோல் துண்டொன்றைக் கையில் எடுத்து உருட்டுவாள். நான் பார்த்தால் வைத்துவிடுவாள். திங்கள் பின்னேரம் இரண்டு கமிக்குக்குள்ளும் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தாள். ஒரு துளி கசியவில்லை. என் வாழ்க்கையில் நான் தைத்த எதையும்விட அது நல்ல தையல், இதை நான் எந்தச் சபையிலும் சொல்லுவேன். அவள் தலையை ஆட்டினாள். கமிக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமையும் வேலையில் அவள் அமைதியாகவே இருந்தாள். கோபம் என்றே முடிவு செய்துவிட்டேன். அழைப்பு மட்டும் முந்தியே வந்திருந்தபடியால் கொன்ஃபிர்மேஷன் ஞாயிற்றுக்கிழமை பட்டுச் சாறி உடுத்துத் தேவாலயத்துக்குப் போனேன். மனுசனும் வந்தார். மூன்றாம் வரிசையில் இருந்தோம்.

வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் சோடி சோடியாக வந்தார்கள். கடைசியில் அவள் மகள். கழுத்து மணி அவள் மூச்சு விட விட அசைந்தது. மற்றப் பிள்ளைகளின் சப்பாத்துகள் கல் நிலத்தில் டக் டக் என்று கேட்க, கமிக்கின் நடையில் சத்தமே இல்லை. சனம் சத்தம் இல்லாத அந்தக் காலைத் திரும்பிப் பார்த்தது. பிள்ளை தலையை நிமிர்த்தி, அந்த நாற்பத்தொன்றாம் அளவுக் காலை நிதானமாக வைத்து நடந்தாள். மனுசன் என் கையைப் பிடித்து, "நல்லாயிருக்கு," என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு கல் கிடந்தது.

பூசை முடிந்து வெளியே எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு நின்றபோது அவள் என்னிடம் வந்தாள். இனிமேல் பொறுக்க முடியாது என்று கேட்டேவிட்டேன்.

"என்னோட கோபமோ? பெரிய வெள்ளியில இருந்து நீ என்னோட கதைக்கேல்ல."

"கோபமோ?" அவள் உண்மையாகவே திகைத்தாள். என் சாறித் தலைப்பைப் பிடித்து, சனத்தை விட்டுத் தள்ளி மதிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"தோல் மணம் எனக்குப் புதுசில்லை," என்றாள். "வகுப்பில எத்தினை தரம் மணந்திருக்கிறன். அண்டைக்கு அதை வாயில வச்சு, எச்சில் ஊறின பிறகு வேற ஒரு மணம் வந்தது. எனக்குத் தெரிஞ்ச மணம். அது என்ர அம்மான்ர வாய். அவ என்ர கன்னத்தில மூக்கை அமத்திக் கொஞ்சேக்க வாற மணம்." அவள் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "முகம் வரேல்ல. குரலும் வரேல்ல. ஆனா இஞ்ச, இவ்வளவு கிட்ட, அவ இருந்தவ. வாயைத் திறந்து கதைச்சால் அது போயிடுமோ எண்டு பயம். அதுதான் கதைக்கேல்ல."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். பட்டுச் சாறி கசங்குகிறது என்றுகூட நினைக்கவில்லை.

"நான் சொன்னபடி நீ வச்சிருந்தால் நாங்கள் குறட்டாலதான் அமத்தியிருப்பம்," என்றாள் என் தோளில் இருந்தபடி. "இண்டைக்குக் காலமை மிச்சத் துண்டை எடுத்து அரை மணித்தியாலம் மென்றன். பிறகு பல்லு மினுக்காமல் போய் மகளைக் கொஞ்சினன்."

"பிள்ளை என்ன சொன்னவள்?"

"'அம்மா, நாறுது' எண்டாள்."

"நீ?"

"மற்றக் கன்னத்திலயும் கொஞ்சினன்."